பதினோராம் நம்பர் டோக்கன்

தண்ணி லாரி வருகிற தெருவில் வளர்ந்தவர்களுக்குச் சண்டை போடத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். குடம் பறக்கும், கொண்டை அவிழும், செத்துப்போன தாத்தா வரைக்கும் நடுத்தெருவுக்கு இழுக்கப்படுவார். ராயபுரத்தில் அக்கம்பக்கத் தெருவெல்லாம் அப்படித்தான். எங்கள் தெருவில் மட்டும் லாரி வந்தால் சத்தம் இருக்காது. அதற்கு ஒரே காரணம், மூன்றாவது வீட்டில் இருந்த ஒரு பொம்பளை.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கோர்ட்டுக் காகிதங்களில் நானே பலமுறை அதை எழுதியிருக்கிறேன். இங்கே வேண்டாம். தெரு அவளை டோக்கனக்கா என்றுதான் கூப்பிட்டது. புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி லாரிக்கு அரைமணி முன்பே வந்து நிற்பாள். டப்பா நிறைய இரும்புத் தகட்டு வில்லைகள். திருவொற்றியூரில் அவர்களுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. புருஷன் உயிரோடு இருந்தபோது கழிவுத் தகட்டை வட்டமாக வெட்டி, கை அறுக்காதபடி விளிம்பை ராவி, நடுவில் ஒன்றிலிருந்து நம்பர் அடித்துக் கொடுத்திருந்தார். முதலில் வந்தவர்களுக்கு ஒன்று, அடுத்தவர்களுக்கு இரண்டு. குடம் நிரம்பியதும் வில்லை டப்பாவுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். டோக்கனைக் கொடுக்காமல் குடத்தைத் தூக்கினால் தூக்கியவள் இடுப்பிலிருந்தே இறக்கி வைப்பாள்.

முன்னாலேயே செங்கல்லை வைத்து இடம் பிடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் உண்டு. அவளிடம் அது நடக்காது. செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "கல்லுக்கு இன்னாத்துக்குமே தண்ணி? நீ வந்து நில்லு" என்பாள். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து கெஞ்சினாலும் கடைசி நம்பர்தான். ஒருமுறை அவளுடைய பெண் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று இரண்டு பேருக்கு முன்னால் குடத்தை நுழைத்தாள். டோக்கனக்கா அத்தனை பேர் பார்க்க அந்தக் குடத்தைப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர்கள் முறை வந்தபோது லாரியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அன்று அவர்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்கும் என்றாலும் இது என்ன பிடிவாதம் என்று எரிச்சலும் வரும். நான் ஐகோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. ஒரு கேஸ் கட்டை மேலே ஏற்றி வைப்பதற்கும் கீழே அமுக்குவதற்கும் என்ன விலை என்று தெரிந்த பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு அவள் மாதிரி ஆளைப் பார்த்தால் கொஞ்சம் கூசத்தானே செய்யும்.

புருஷன் நெஞ்சுவலியில் போன பிறகு பட்டறையை அவளே நடத்தினாள். அங்கேயும் இதே கதைதான். எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி. பட்டறையின் பாதி வருமானம் அங்கிருந்துதான். ஒருநாள் அவர்களுடைய ஆள் ஷாஃப்ட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், மிஷின் நிற்கிறது, உடனே கடைந்து தர வேண்டும் என்று. அதற்கு முந்தைய நாள் காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருவர் படகு இன்ஜினுக்கு ஒரு புஷ் கடையக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கொடுத்தது முந்நூறு ரூபாய் வேலை. அவள் படகுக்காரர் வேலையை முடித்துவிட்டுத்தான் ஷாஃப்டைத் தொட்டாள். சாயந்திரம் ஆகிவிட்டது. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு அவளிடம் ஒரு போல்ட்டுகூடக் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே அக்கா என்று. படகுக்காரன் நேற்றே வந்துவிட்டானே என்றாள், நான்தான் ஏதோ புரியாமல் பேசுகிற மாதிரி.

அப்படித்தான் கடன் ஆரம்பித்தது. முதலில் தெருவில் மூன்று பேரிடம் கைமாற்று. நாலாவதாக பேங்க். அவளுடைய அம்மா எழுதிவைத்த வீட்டின் மூலப் பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்துப் பெரிய தொகை எடுத்தாள். அது புது மிஷினுக்குப் போனது. மிஷினுக்கு வேலை வரவில்லை. பிறகு இன்னும் சில கைமாற்று. அதில் ஒருவன் கந்துவட்டிக்காரன்.

இங்கேதான் அவளுடைய பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவள் டோக்கன் கொடுத்திருந்தாள். அதே தகட்டு வில்லை. முதலில் கொடுத்த இட்லி மாவுக்காரிக்கு ஒன்று, இஸ்திரிக்காரருக்கு இரண்டு என்று. பேங்குக்கும் விடவில்லை. நேரில் போய் நாலாம் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அங்கே இருந்தவர் சிரித்துவிட்டு, காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்துக்கொண்டாராம். கந்துவட்டிக்காரனுக்கு ஒன்பது. யார் எப்போது கேட்டாலும், உன் நம்பர் வரும்போது உன் வீடு தேடி வரும் என்பதுதான் பதில்.

கந்துவட்டிக்காரன் இதற்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. தினமும் இரண்டு பேரைப் பட்டறைக்கு அனுப்பி ஸ்டூலில் குந்த வைத்தான். அவர்கள் ஒன்றும் பேசமாட்டார்கள், குந்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அவளுடைய பெண் அந்த வழியாக வரவே பயந்தாள். அந்தச் சமயத்தில்தான் டோக்கனக்கா என்னிடம் வந்தாள்.

கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கையை விரித்து மனுப் போடுவதற்கு எங்கள் பக்கம் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று பேர். என் வக்கீலுக்கு அதுதான் முக்கியத் தொழில். மனு ஒன்றுக்கு எனக்கும் தனியாக ஏதாவது தருவார். அது என் மனதில் இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று ஐகோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று பேசினோம். கையில் டீ. அவள் இன்னொரு சங்கதியும் சொன்னாள். தெற்கத்திப் பக்கமிருந்து வந்து இங்கே மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் அவளுடைய வீட்டைக் கேட்கிறார், ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறார், நல்ல விலைதான் என்றாள். அந்த விலைக்கு விற்று, பேங்க் பாக்கியை அடைத்துப் பத்திரத்தை மீட்டுவிட்டால், மீதியில் கைமாற்றுக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். மனதுக்குள் கணக்குப் போட்டு எனக்கே அது தெரிந்தது.

ஆனால் நான், அவசரப்பட்டு விற்றால் நாளைக்கு ஏதாவது கேள்வி வரும் என்று இழுத்தேன். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் ஒருத்தனும் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்றேன். அது உண்மைதான். பாதி உண்மை.

"எல்லாரையும் கோர்ட்டே லைன்ல நிக்க வச்சிருமா?" என்று கேட்டாள்.

"நிக்க வச்சிரும்க்கா."

"பேங்குகாரன் நாலாவது. அவனும் நிப்பானா?"

நான் தலையை ஆட்டினேன். வாயில் டீ இருந்தது. வாயில் டீ இருந்ததால்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடமானம் வாங்கியவன் அந்த வரிசையில் நிற்கவே வேண்டியதில்லை என்பது எனக்கு என் வீட்டு விலாசம் மாதிரித் தெரியும். சொன்னால் மனுப் போடாமல் மளிகைக்காரரிடம் போய்விடுவாள் என்பதும் தெரியும்.

மனுப் போட்டாயிற்று. கோர்ட் அவளைத் திவாலானவள் என்று அறிவித்தது. பட்டறையிலிருந்து அந்த இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், உன் பிள்ளை குலசாமி மாதிரி வந்து காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறிவிப்பு வந்த பிறகு கடன்காரர்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பத்து வரைக்கும் வந்தது. அவள் கொஞ்சம் தயங்கி, பதினொன்று என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். யார் என்று கேட்டேன்.

"உங்கம்மா. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னுச்சு."

அம்மா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். வந்த பணத்தில் நாற்பதாயிரத்தை இவளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் கடைசியில், மூழ்குகிறாள் என்று தெரிந்தே. பேனாவை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அம்மா தன் புடவை முடிச்சை அவிழ்த்து அந்த வில்லையைக் காட்டினாள். பதினொண்ணாம் நம்பர் எனக்கு, அவள் ஏமாற்ற மாட்டாள் என்றாள். ஏமாற்றியது யார் என்று அம்மாவுக்குத் தெரியாது.

திவாலானவர்களின் சொத்தைப் பொறுப்பில் எடுத்துக்கொள்கிற அதிகாரி ஐகோர்ட்டு வளாகத்திலேயே இருப்பார். டோக்கனக்கா அங்கே காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல புடவையில், டப்பாவோடு வந்தாள். அதிகாரியிடம் தன் வரிசையை ஒப்புவித்தாள். வீட்டை விற்று ஒன்றாம் நம்பரிலிருந்து கொடுத்துக்கொண்டே வாருங்கள், பத்தாமல் போனால் கடைசிக்காரர்களுக்கு நான் உழைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவர் நல்ல மனுஷன். சிரிக்கவில்லை.

"அம்மா, வீட்டுப் பத்திரம் பேங்க்ல அடமானமா இருக்கு. நீங்க திவால் ஆனாலும் அந்த அடமானம் அப்படியேதான் இருக்கும். அவங்க இந்த வரிசையில நிக்க வேண்டியதில்ல. வீட்டை அவங்களே ஏலம் விட்டு அவங்க பாக்கிய எடுத்துப்பாங்க. மிச்சம் இருந்தா எங்ககிட்ட வரும். பத்தலைன்னா, பத்தாததுக்கு இந்த வரிசையிலயும் வந்து நிப்பாங்க."

"மிச்சம் வந்தா ஒண்ணாம் நம்பருக்குத்தான சார் மொதல்ல?"

"இல்லம்மா. ஒண்ணுக்கும் பதினொண்ணுக்கும் ஒரே விகிதம். ரூபாய்க்கு இத்தனை பைசான்னு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த காகிதக் கட்டில் எதையோ தேடினேன். அதில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

சட்டத்தைக் குறை சொல்ல நான் யார். வீட்டை நம்பிக் கொடுத்தவனுக்கு வீட்டின் மேல் முதல் உரிமை, அதில் அநியாயம் இல்லை. இட்லி மாவுக்காரி அவள் முகத்தை நம்பிக் கொடுத்தாள், முகத்தை ஏலம் விட முடியாது. இதையெல்லாம் டீக்கடையிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது சட்டமில்லை, நான்.

அவள் விற்க நினைத்தாலும் இனி விற்க முடியாது. சொத்து அதிகாரியின் கையில், அடமானம் பேங்கின் கையில். பேங்க் அவள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது, பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. ஏலத்தில் எடுத்தது யார் என்கிறீர்கள், அதே மளிகைக்காரர்தான். முன்பு கேட்ட விலையில் முக்கால்வாசிகூட இல்லை. அவர்மேல் தப்பில்லை, கிடைக்கிற விலைக்குத்தானே யாரும் வாங்குவார்கள். பேங்க் தன் அசல், வட்டி, செலவு எல்லாம் எடுத்துக்கொண்டு மீதியை அதிகாரியிடம் கட்டியது. ரூபாய்க்கு ஏழு பைசா தேறியது. அம்மாவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் செக் வந்தது.

சாமானை வண்டியில் ஏற்றிய அன்று டோக்கனக்கா பேங்குக்குப் போய் நாலாம் நம்பரைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். மேஜைமேல் வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், வில்லை கிடைக்கவில்லை. "டோக்கன குடுக்காமலே தண்ணி புட்ச்சிகினு பூட்டாங்க" என்றாள் தெருவில் எல்லாரிடமும். வீடு போனதைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

வாடகை குறைவு என்று மணலி தாண்டி சடையங்குப்பத்துக்குப் போனாள். மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் வருகிற இடம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். அந்த டிரைவர்களுக்கு இட்லியும் வடகறியும் கொண்டுபோய் விற்றாள். அங்கேயும் முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் நடப்பாளாம். நடுவில் எவனாவது கையைத் தட்டிக் கூப்பிட்டால், வருவேன் இரு என்று சொல்லிவிட்டுப் போவாளாம்.

சில வருஷம் கழித்து கோர்ட் அவளைக் கடன்களிலிருந்து விடுவித்து உத்தரவு போட்டது. இனி ஒரு பைசா யாருக்கும் தரவேண்டியதில்லை. அந்த உத்தரவை நான்தான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த மாதமே ராயபுரத்துக்கு வந்து இட்லி மாவுக்காரியின் பாக்கியை, கோர்ட் கொடுத்த ஏழு பைசாவைக் கழித்துக்கொண்டு, முழுசாகக் கொடுத்துவிட்டு ஒன்றாம் நம்பரை வாங்கிப் போனாள். பிறகு எட்டு மாதம் கழித்து இரண்டு. பிறகு மூன்று. ஐந்து.

அவள் எட்டாம் நம்பரை முடித்திருந்தபோது அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் வெட்கத்தை விட்டு சடையங்குப்பத்துக்குப் போய்க் கேட்டேன். அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் ஆள் வைத்து அவள் பெண்ணை அழவைத்த அதே கந்துவட்டிக்காரன். காரில் போகிறவன். அவனுக்குத் தருவதற்காக டப்பாவில் பணம் சேர்ந்திருந்தது. அதை நானே பார்த்தேன்.

"அவனுக்குக் குடுத்துட்டு எங்கம்மாவ விட்டுருவியாக்கா?"

"ஆளு கலீஜுதான் தம்பி. நம்பரு இன்னா பண்ணும்?" என்றாள். பிறகு, அம்மாவுக்கு நான் வந்து ஒத்தாசை செய்கிறேன், அது வேறு என்றாள். சொன்னபடியே வாரம் இரண்டு நாள் பஸ் மாறி வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். பணம் மட்டும் ஒன்பதுக்குப் போனது. அசல் மட்டும்தான், வட்டிக்கு டோக்கன் கொடுக்கவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

அந்தப் பணம் வந்திருந்தால் பாதம் பிழைத்திருக்கும் என்று இன்று சொல்ல மாட்டேன். அன்று அப்படித்தான் நினைத்தேன். அவளை மனதார வெறுத்தேன். அம்மாவோ, நடுவில் நுழைந்து வாங்கினால் எனக்குத்தான் அசிங்கம் என்றாள். பாதத்தை எடுத்த பிறகு பத்து மாதம் இருந்தாள். சாவு வீட்டில் கூட்டம் முண்டியபோது டோக்கனக்கா மாலையோடு வாசலில் கடைசியாக நின்று, தன் முறை வந்தபோதுதான் உள்ளே வந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினாள். தலை முழுசாக நரைத்திருந்தது. காக்கிச் சட்டை மட்டும் அதே சட்டை. முப்பத்தேழாயிரத்து இருநூறு ரூபாயை மேஜைமேல் வைத்தாள். கோர்ட்டு கொடுத்தது போக மீதி. அம்மாவே இல்லை, சட்டப்படியும் நீ தரவேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போ அக்கா என்றேன்.

"உங்கம்மாவுக்கு குடுத்த நம்பரு. நீ இன்னா வாணாங்கறது? டோக்கன எட்தா."

அம்மாவின் டப்பாவில் ரேஷன் கார்டுக்கு அடியில் அது இருந்தது. பதினொண்ணு. கையில் வைத்திருந்து வைத்திருந்து அம்மா அதை வழவழப்பாக்கியிருந்தாள். அதைக் கொடுக்கும்போது என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. டீக்கடையில் தலையை ஆட்டியதைச் சொன்னேன். பேங்க் நிற்காது என்று அன்றே எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன். மனுவுக்காக வக்கீல் எனக்குக் கொடுத்த பணத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன், இந்த வயசில்.

அவள் வில்லையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அந்த ஆபீசர் சொல்றப்போ உன் மூஞ்சப் பார்த்தேனே."

அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா உங்கம்மா காதுக்குப் பூடும். பிள்ள பண்ணதுக்கு எனக்கு துட்டு வாணான்னு டோக்கன என் மூஞ்சிலயே வுட்டெறிஞ்சிருக்கும். அது லைன்ல நிக்கணும்ல?"

டப்பாவைத் திறந்து வில்லையைப் போட்டாள். மற்ற வில்லைகளோடு அது சேர்கிற சத்தம் கேட்டது. மூடியை அழுத்தி மூடினாள். டீ போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். உன்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசல் வரைக்கும் பின்னால் போனேன். தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வண்டி வந்ததும் முண்டி ஏறினார்கள். அடுத்த வண்டிக்கும் அப்படியே. அவள் டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் போகட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.